நீர்வழித் தடங்கள் – 12: அணையை எடுத்தால் ஆறு திரும்புமா?

சென்ற அத்தியாயத்தில், வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858-இல் அணைக்கட்டு எழுந்த கதையைப் பார்த்தோம். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று அங்கிருந்து நான்கு கால்வாய்கள் பிரிந்ததையும், அவற்றை நம்பி ஏரிகள் அடுக்கடுக்காக நிரம்பியதையும் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு முசரவாக்கத்துப் பெரியவர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாப்பா, அமெரிக்காவுல பழைய அணையெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு ஆத்தைத் தொறந்து வுட்டுட்டானாமே. மீனெல்லாம் திரும்பி வந்துடுச்சாம். நம்ம வாலாஜா கட்டையும் எடுத்துட்டா பாலாறு மறுபடி ஓடுமா?”

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “கட்டைய எடுத்துட்டா கால்வாய்ல தண்ணி எப்படி ஏறும் பெரியப்பா? ஏரிக்கு ஆகாசத்துலருந்தா வரும்?”

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாலாற்றை வைத்துக்கொண்டே இதற்கு விடை தேட முடியாது. இங்கே அந்தக் கட்டு இன்னும் நிற்கிறது. எனவே இந்த அத்தியாயம் பாலாற்றைவிட்டுக் கொஞ்சம் விலகி, ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு அணைகளைப் பார்க்கப் போகிறது. ஒன்று 1836-இல் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் எழுந்தது. இன்னொன்று 1837-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றில் எழுந்தது. இரண்டாவதை மனிதர்கள் யோசித்து எடுத்தார்கள். முதலாவதில் ஒரு பகுதியை ஆறே எடுத்துக்கொண்டு போனது.

கொள்ளிடம் குடித்த காவிரி

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குப் போகும் தூரம் குறைவு. தண்ணீருக்கு எது சுலபமோ அதுதான் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டும், காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டுத் தூர்ந்துகொண்டும் வந்தன. தஞ்சாவூரின் நிர்வாகம் 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. காவிரி வற்றினால் தஞ்சையின் நில வரி வற்றும். கம்பெனிக்கு அக்கறை வந்ததற்கு அதுதான் காரணம்.

1804-ஐ ஒட்டி கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் கல்லணையின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தார். சுவர் உயர்ந்ததும் அதற்குப் பின்னால் மணலும் உயர்ந்தது. அடுத்து வந்த ஆர்தர் காட்டன், 1830 வாக்கில் அதற்கு நேர்மாறான ஒரு காரியம் செய்தார். கல்லணையின் உடலை அறுத்து, அதன் அடியில் மணல் போக்கிகளை வைத்தார். பல நூற்றாண்டாக நின்ற அணையில் கை வைக்க அப்போது தயங்காதவர்கள் குறைவு. மணல் அந்த வழியாக இறங்கத் தொடங்கியது. அணையில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே, எதை எடுப்பது என்பதும் ஒரு பொறியியல் கேள்வி என்று காவிரியில் பதிவான முதல் நவீனப் பாடம் இதுதான்.

ஆனால் கொள்ளிடத்தின் தாகம் அதனால் தீரவில்லை. அதன் வாயிலேயே தடுப்பு வேண்டும் என்று காட்டன் முடிவு செய்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும், அதே ஆண்டில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் கட்டி முடிக்கப்பட்டன. மேலணை கொள்ளிடத்தைக் காய வைத்தால் கீழே இருக்கும் பாசனதாரர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் கீழணை வந்தது. இன்று வீராணம் ஏரிக்கும், அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் தண்ணீர் கிடைப்பது அந்தக் கீழணையால்.

மேலணையை எப்படிக் கட்டினார்கள் என்பதை அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஆற்றில் பாறை கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். மணலின் மேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். ஆட்கள் அதற்குள் இறங்கி மணலைத் தோண்டி வெளியே கொட்டக் கொட்ட, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். மேலே இன்னும் சில வரிசை செங்கல் வைப்பார்கள், அதுவும் இறங்கும். போதுமான ஆழம் வந்ததும் அந்தக் கிணற்றைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பிவிடுவார்கள். இப்படி வரிசை வரிசையாக இறக்கிய கிணறுகளின் தலை மேல் சுவர் உட்கார்ந்தது. மணலில் அஸ்திவாரம் போடும் இந்த வித்தையை இந்த நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. கிணறுகளைச் சுற்றிலும் மணல் இருக்கும் வரைதான் அவை நிற்கும். அணைக்குக் கீழ்ப்புறம் ஆற்றுப் படுகை இறங்கிவிட்டால், மேலே நிற்கும் தண்ணீருக்கும் கீழே ஓடும் தண்ணீருக்கும் இடையே மட்ட வித்தியாசம் கூடும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்து கீழ்ப்புறம் ஊற்றெடுக்கும். ஊற்று தெளிவாக வந்தால் கவலை இல்லை. கலங்கி, மணலைக் கக்கிக்கொண்டு வந்தால் உள்ளே பள்ளம் விழுகிறது என்று அர்த்தம்.

ஏழே ஆண்டில் இரண்டடி

மேலணை எழுந்ததும் காவிரிக்குத் தண்ணீர் தாராளமாக வந்தது. தஞ்சை மகிழ்ந்தது. ஆனால் சில வருடங்களில் வேறு ஒரு கவலை முளைத்தது. இதுவரை தூர்ந்துகொண்டிருந்த காவிரி, கூடுதல் வெள்ளத்தின் வேகத்தில் தன் தலைப்பைத் தானே அரித்து ஆழமாக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் கொள்ளிடம் மேடிட ஆரம்பித்தது. இப்படியே விட்டால் முன்பு கொள்ளிடம் செய்ததைக் காவிரி செய்துவிடும், வெள்ளம் முழுவதும் டெல்டாவின் மேல் பாயும் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள்.

1843-இல், அணைக்கு ஏழு வயதாகும்போது, அதன் நடுப்பகுதியில் சுமார் 700 அடி நீளத்துக்கு உயரத்தில் இரண்டடியை எடுத்துவிட்டார்கள். 1845-இல் காவிரியின் தலைப்பின் குறுக்கே, படுகை மேலும் இறங்காதபடி ஒரு தளச் சுவரையும் போட்டார்கள். இரண்டு ஆறுகளும் ஒரு சமநிலைக்கு வந்தன.

அணை அகற்றம் பற்றிப் பேசும்போது இந்தச் சின்னச் சம்பவத்தை யாரும் நினைப்பதில்லை. எனக்கோ இதுதான் முக்கியம். காட்டனின் காலத்துப் பொறியாளர்கள் அணையைக் கட்டி முடித்த கட்டடமாகப் பார்க்கவில்லை. ஆற்றின் படுகை எத்தனை அடி ஏறியது, எத்தனை அடி இறங்கியது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அளவு சொன்னபடி அணையைக் குறைத்தார்கள், பிறகு சேர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டிச் சுவர் இருந்த இடத்தில் ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகளும் வந்தன. தென் பகுதியில் 45 மதகுகள், வட பகுதியில் 10. வெள்ளம் வந்தால் கதவைத் தூக்கி மணலோடு தண்ணீரை விட்டுவிடலாம்.

கென்னபெக்கில் ஒரு ஜூலை மாதம்

இனி அந்த இன்னொரு அணை. மெய்ன் மாநிலத்தின் தலைநகர் அகஸ்டா. 1837-இல் அங்கே கென்னபெக் ஆற்றின் குறுக்கே மரக்கட்டைகளைச் சட்டமாக அடுக்கி, கல்லைக் கொட்டி ஓர் அணை கட்டினார்கள். 917 அடி நீளம், 24 அடி உயரம். பாசனத்துக்காக அல்ல, ஆலைகளுக்காக. முதலில் மர அறுவை ஆலைகள், பிறகு பெரிய பருத்தித் துணி ஆலை. காஞ்சியில் தறிக்குழியில் காலை இறக்கி நெய்தவர்கள் நெய்துகொண்டிருந்த அதே காலத்தில், அங்கே ஆற்றை மறித்து அதன் பாரத்தால் ஆலை ஓட்டினார்கள். ஆலை முதலாளியின் பெயரால் அதற்கு எட்வர்ட்ஸ் அணை என்று பெயர் வந்தது. காலப்போக்கில் ஆலை மூடியது. அணை மட்டும் 3.5 மெகாவாட் மின்சாரம் கொடுத்துக்கொண்டு நின்றது. அந்த மாநிலத்தின் தேவையில் அது கடுகளவு.

அணை கட்டுவதற்கு முன்பு கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக மீன்கள் அந்த ஆற்றில் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்தன. சால்மன், ஸ்டர்ஜன், ஷாட், ஏல்வைஃப் என்று பல இனங்கள். 1837-க்குப் பிறகு அவை அணையின் அடியிலேயே நின்றுவிட்டன. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அணையின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. மீன் ஏற வழி செய்து தரச் செலவு பார்த்தார்கள். அணையை எடுத்துவிடுவதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு. 1997-இல் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது, அணையை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உரிமையாளர் விரும்பாதபோதும் இயங்கிக்கொண்டிருந்த ஒரு மின் அணையை எடுக்கச் சொன்ன முதல் உத்தரவு அது. செலவை மேல் ஆற்றில் வேறு அணைகள் வைத்திருந்தவர்களும், கீழே இருந்த கப்பல் கட்டும் தளமும் பங்கிட்டுக்கொண்டன.

1999 ஜூலை 1 அன்று ஊர் திரண்டு கரையில் நின்றது. தற்காலிகமாகப் போட்டிருந்த மண் கரையை இயந்திரம் வெட்டிவிட, 162 ஆண்டு தேங்கிய ஆறு உடைத்துக்கொண்டு ஓடியது. வாட்டர்வில் வரை சுமார் 27 கிலோமீட்டர் ஆறு கடலோடு மறுபடி இணைந்தது. அடுத்து 2008-இல் அதன் துணை ஆறான செபாஸ்டிகுக்கில் ஹாலிஃபாக்ஸ் கோட்டை அணையையும் எடுத்தார்கள். அதன் பிறகு அந்தத் துணை ஆற்றில் ஏல்வைஃப் மீன்கள் சில ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேல் ஏறியிருக்கின்றன.

உல்லமும் ஷாடும்

“நமக்கென்ன சால்மனா ஏறுது?” என்று கேட்கத் தோன்றும். ஷாடும் ஏல்வைஃபும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்து மீன் நம்மிடமும் உண்டு. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாவுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். புதுவெள்ளம் வரும்போது அது கொள்ளிடத்தின் வழியாகக் காவிரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

1836-இல் கீழணை எழுந்ததும் உல்லத்துக்கு முதல் தடை. கொள்ளிடத்தின் அடியில் ஒரு சுவர், தலையில் இன்னொரு சுவர். தென்னிந்திய அணைக்கட்டுகள் மீன் ஏறும் வழியை அடைக்கின்றன என்று மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1873-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சென்னை மாகாண மீன்வளத் துறை கீழணையில் உல்லம் பிடித்து, சினை எடுத்து, செயற்கையாகக் குஞ்சு பொரிக்க முயன்றது. மீனால் ஏற முடியாததை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்த முயற்சியே சாட்சி. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு மேல் காவிரியில் உல்லத்தின் கதை முடிந்தது. கங்கையில் இதே கதை 1975-இல் ஃபராக்கா தடுப்பணையோடு நடந்தது.

ஆக, 1836-இலும் 1837-இலும் உலகின் இரு மூலைகளில் ஒரே குடும்பத்து மீன்களுக்கு வழி அடைந்தது. அங்கே அது திறக்கப்பட்டது. இங்கே அந்தக் கேள்வியே பொதுவெளியில் எழவில்லை. காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. எட்வர்ட்ஸ் அணையை நம்பி இருந்தது ஒரு சின்ன மின் நிலையம். மேலணையை நம்பி இருப்பது காவிரி டெல்டா. அங்கே அணை போனால் மின்சாரத்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். இங்கே அணை போனால் கல்லணைக்குத் தண்ணீர் எட்டாது, குறுவையும் சம்பாவும் போகும்.

தேங்கிக் கிடப்பது தண்ணீர் மட்டும் அல்ல

அணையை எடுப்பதில் முதல் சிக்கல் தண்ணீர் அல்ல, அதன் பின்னால் படிந்த வண்டலும் மணலும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் எல்வா ஆற்றில் இரண்டு அணைகள் இருந்தன. 1913-இல் கட்டியது 108 அடி, 1927-இல் கட்டியது 210 அடி. அவற்றின் பின்னால் இரண்டு கோடி கன மீட்டருக்கும் மேல் மணலும் வண்டலும் குவிந்திருந்தன. 2011-இல் இடிக்கத் தொடங்கி 2014 வரை, படிப்படியாக, மீன் ஏறும் பருவத்தில் வேலையை நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். ஆறு சில வருடம் சேற்றுக் குழம்பாக ஓடியது. கீழே குடிநீருக்காகத் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டி வந்தது. பிறகு நடந்தது அபாரம். நூறு வருடமாக மணல் கிடைக்காமல் கடல் தின்றுகொண்டிருந்த முகத்துவாரத்தில் புதிய கடற்கரையே உருவாயிற்று. அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான கிளாலம் மக்களின் புனித இடம் ஒன்று நீரிலிருந்து வெளியே வந்தது.

2023, 2024 ஆண்டுகளில் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் எடுக்கப்பட்டன. வேலை முடிந்த அதே 2024 அக்டோபரில், அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஆரிகன் மாநிலத்துக்குள் சால்மன் ஏறிவிட்டது. ஜப்பானில் குமா ஆற்றின் அரசே அணையையும் 2012 முதல் 2018 வரை பகுதி பகுதியாக எடுத்தார்கள்.

எல்லாம் சுபமாக முடிந்ததாக எண்ண வேண்டாம். 1973-இல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றிலிருந்த ஃபோர்ட் எட்வர்ட் அணையை, மரம் மக்கிவிட்டது என்று எடுத்தார்கள். மேலே இருந்த தொழிற்சாலைகளின் பி.சி.பி. என்ற நச்சு இரசாயனம் அணையின் பின்னால் வண்டலோடு படிந்திருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அணை போனதும் அந்த வண்டல் ஆறு நெடுக இறங்கியது. அதைத் தூர்வாரி எடுக்கும் வேலை பல பத்தாண்டு கழித்து, பெரும் செலவில் நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்குக் கீழே வாழும் நம் ஊர்க்காரர்கள் இந்த ஒரு பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

ஆறே எடுத்த அணை

மறுபடி முக்கொம்பு. 2018 ஜூலையில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்டில் உபரி நீர் லட்சக்கணக்கான கன அடியாக வந்து, பெரும்பகுதி கொள்ளிடத்தில் திறந்துவிடப்பட்டது. ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி, திருச்சியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த 1928-ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் வடியத் தொடங்கியிருந்த நேரத்தில், மேலணையின் தென் பகுதியில் 6 முதல் 14 வரையிலான ஒன்பது கதவுகள் தூணோடும் மேலிருந்த பாலத்தோடும் அடித்துச் செல்லப்பட்டன. கட்டி 182 ஆண்டு.

உச்ச வெள்ளத்தில் தாங்கிய அணை, வெள்ளம் குறையும்போது ஏன் போனது? கீழ்ப்புறத்தில் தண்ணீர் நிறைய நிற்கும்போது அது அணையைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். அது வடிந்தால் முட்டு போய்விடும், மட்ட வித்தியாசம் கூடும். அஸ்திவாரத்துக்கு அடியில் மணல் ஏற்கெனவே போயிருந்தால் சரிவுக்கு அந்த நேரம் போதும். மணல் எப்படிப் போனது என்பதில்தான் சண்டை. அரசுத் தரப்பு அணையின் வயதையும் வெள்ளத்தின் வேகத்தையும் சொன்னது. கொள்ளிடத்தில் வருடக்கணக்கில் லாரி லாரியாக அள்ளியதைச் சொன்னார்கள் விவசாயிகள். பின்னணியில் இன்னொரு கணக்கும் உண்டு. 1934 முதல் மேல் காவிரியின் மணலை மேட்டூர் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐம்பதுகளில் பவானிசாகரும் அமராவதியும் சேர்ந்துகொண்டன. வருவது குறைந்து, எடுப்பது கூடினால் படுகை இறங்கத்தான் செய்யும். 1843-இல் படுகையை அளந்து இரண்டடியைக் குறைத்த கவனம் இங்கே எப்போது விட்டுப்போனது என்பதே கேட்க வேண்டியது.

உடைந்த அன்றிரவு முதல் காவிரிக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடியது. இரவும் பகலும் மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு அடைத்தார்கள். அணை இல்லாவிட்டால் முக்கொம்பில் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சில வாரங்களே செயல்விளக்கம். 1836-க்கு முன்பிருந்த ஆறு திரும்பி வரவில்லை. வந்தது வேறு ஒரு ஆறு. படுகை ஆழமாகி, மணல் இழந்து, இரண்டு நூற்றாண்டாக அணையை நம்பித் தன் மட்டத்தை அமைத்துக்கொண்ட ஆறு.

இரண்டு நாளில் முதலமைச்சர் வந்து பார்த்தார், புதிய கதவணைக்கு 410 கோடி ரூபாய் அறிவித்தார். பழையதற்குக் கொஞ்சம் கீழே அதே 45, 10 என்ற கணக்கில் புதிய கதவணை எழுந்தது. இந்தியாவில் வழக்கம் இதுதான். விஜயவாடாவில் 1855-இல் முடிந்த கிருஷ்ணா அணைக்கட்டு 1952-இல் உடைந்தது, 1957-இல் பிரகாசம் கதவணை வந்தது. யமுனையில் 1873-இன் தாஜேவாலா தடுப்பணைக்குப் பதிலாக ஹத்னிகுண்ட் கட்டினார்கள், கைவிடப்பட்ட பழையதை 2010 வெள்ளம் கொண்டுபோனது. நம்மிடம் அணைகள் ஓய்வு பெறுவதில்லை, மாற்றப்படுகின்றன. அதுவும் பெரும்பாலும் உடைந்த பிறகு.

பாலாற்றுக்கு என்ன பதில்?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வரலாம். வாலாஜா அணைக்கட்டை எடுத்தால் பாலாறு ஓடுமா?

ஓடாது. பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 93 கர்நாடகத்தில், 33 ஆந்திரத்தில், மீதி 222 நம்மிடம். அது வறண்டதற்குக் காரணங்கள் அணைக்கட்டுக்கு மேலே இருக்கின்றன. பேத்தமங்கலம் தொடங்கி மேல் மாநிலங்களில் கட்டிய ஏரிகளும் தடுப்பணைகளும், கரையெங்கும் இறக்கிய ஆழ்துளைக் கிணறுகளும், படுகையில் இல்லாமல் போன மணலும். வாலாஜா கட்டு தண்ணீரைச் சேமித்து வைக்கும் அணை அல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாயின் வாய்க்கு எட்ட வைக்கும் சுவர், அவ்வளவுதான். 2021 நவம்பரில் அங்கே லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் வந்தபோது, ஆறு அதன் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

எடுத்தால் முதலில் போவது கால்வாய்கள். காவேரிப்பாக்கம் ஏரி காயும், தூசி மாமண்டூர் ஏரி காயும், கோவிந்தவாடிக் கால்வாயை எதிர்பார்க்கும் நம் பக்கத்து ஏரிகளும் காயும். ஏரி காய்ந்தால் கிணற்று ஊற்று இறங்கும். பக்கத்து பெஞ்சுக்காரர் சரியாகத்தான் கேட்டார். அடுத்து, கட்டுக்கு மேல்புறம் இன்னும் மிச்சமிருக்கும் மணல் இறங்கும், படுகையும் அரித்துக்கொண்டு மேல்நோக்கி ஆழமாகும். அந்த மணலோடு என்னென்ன இறங்கும் என்பது பெரிய கேள்வி. பாலாற்றின் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. அந்தத் தொழில் பல பத்தாண்டு ஆற்றில் விட்ட குரோமியமும் உப்பும் எங்கே படிந்தன என்று பரிசோதிக்காமல் அங்கே ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. ஹட்சன் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

அதற்காகக் கட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அதற்கு வயது 165-ஐத் தாண்டிவிட்டது. 2021-இல் நிறைவேறிய அணைப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. ஆளுயரமோ அதற்குச் சற்று மேலோ நிற்கும் பழைய அணைக்கட்டுகள் அந்த வலையில் விழாது. முக்கொம்பும் விழாத இனம்தான். உயரம் சிறிது, நம்பியிருக்கும் நிலம் பெரிது என்ற இந்த வகைக் கட்டுகளுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு இன்னும் இல்லை.

எனக்குத் தெரிந்து இந்த வரலாறு காட்டும் வழி, கட்டையும் காப்பாற்றி ஆற்றையும் காப்பாற்றுவது. கல்லணையில் 1830-இல் செய்ததும் மேலணையில் 1843-இல் செய்ததும் அதுதான். அணையில் ஆற்றுக்கு இடைஞ்சலான பகுதியை மட்டும் எடுப்பது, மணலுக்கு வழிவிடுவது, படுகை இறங்கினால் தளச் சுவர் போடுவது. இன்று அதோடு மீனுக்கும் ஒரு வழி சேர்த்துக்கொள்ளலாம். புதிய தடுப்பணை ஒவ்வொன்றிலும் அதை வரைபடத்திலேயே வைத்தால் செலவு சொற்பம், பின்னால் சேர்ப்பதுதான் செலவு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அணைக்கட்டின் மேல்புறமும் கீழ்ப்புறமும் ஆண்டுக்கு ஒருமுறை, வெள்ளம் வடிந்ததும், படுகை மட்டத்தை அளந்து அதைக் கிராம சபையில் படிக்க வேண்டும். 180 வருடத்துக்கு முன்பு சங்கிலியும் மட்டக் கோலும் வைத்துச் செய்ததை, செயற்கைக்கோள் காலத்தில் செய்யாதிருக்கச் சாக்கு கிடையாது. வாலாஜா கட்டின் கீழே படுகை எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்ற எண் கையில் இருந்தால்தான், அதை எடுப்பதா, குறைப்பதா, தாங்கிப் பிடிப்பதா என்று முசரவாக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசுவதற்கே அர்த்தம் உண்டு.

மேல் மாநிலங்களின் கட்டுகளைப் பற்றிப் பெரியவருக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு ஒரு பழைய பத்திரம் ஆதாரமாக இருக்கிறது. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892-இல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் பாலாற்றுக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)